இறகுச் செள்ளும் இரண்டு மணையும்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "யோசிச்சு சொல்றேன்" என்றேன். யோசித்துவிட்டேன். பதிலைப் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா, டென்ஷன் ஆகாதீங்க" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேசையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். இதில் மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லை. முதலில் கயலிடம் கொடு, அவள் படித்த பிறகு நீ படி. சீர்காழியில் உன் வருங்கால மாமனார் வீட்டுக் கூடத்தில் எல்லாரையும் கூட்டி வைத்து உரக்கப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நீ கேட்டது இதுதான். முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை தன்னைப் பெற்றவர்களுக்குப் பாதபூஜை செய்ய வேண்டும். பெற்றவர்கள் மேடையில் மணைப் பலகை போட்டு ஜோடியாக உட்கார வேண்டும். நான் ஒற்றை ஆள், கல்யாணம் ஆகாதவள், போதாக்குறைக்கு உன்னைப் பெற்றவளும் இல்லை. அதனால் இரத்த சொந்தமான உன் சித்தப்பாவும் சித்தியும் மணையில் உட்காரட்டும், அம்மா முதல் வரிசை சோபாவில் உட்காரட்டும் என்று பெண் வீட்டில் பிரியப்படுகிறார்கள். "அஞ்சு நிமிஷம்தாம்மா. சடங்குதானே? நீங்கதான் சடங்கெல்லாம் நம்ப மாட்டீங்களே" என்று நீயும் சொன்னாய். பக்கத்தில் யாரோ இருப்பதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னாய். போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்தது. கோபம் அப்புறம்தான் வந்தது. கோபம் வந்த பிறகு உடம்பு தேறிவிட்டது, நன்றாகச் சாப்பிட்டேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மணையில் உட்காருவேன். பதில் அவ்வளவுதான். மீதிக் கடிதம், ஏன் என்று நீ கேட்பாயே, அதற்கு.

நிச்சயதார்த்தத்தன்றே எனக்கு வாசனை தட்டிவிட்டது. கயலின் பெரியப்பா என்னிடம் வந்து, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று விசாரித்தார். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன், பாடும் பறவைகளின் இறகில் வாழும் செள்ளு என்கிற பொடிப் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்றேன். "செள்ளா? அதுக்கு எங்க தம்பி கடையிலயே மருந்து இருக்கேம்மா!" என்றார். உன் மாமனாரின் உரக்கடையைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். பிறகு தட்டு மாற்றும் நேரம் வந்தது. நான் யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை, தட்டை நானே எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். உன் மாமனார் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார். பெரியப்பா மட்டும் பக்கத்து ஆளிடம் குனிந்து, "காக்கா கூட்டுக் குயில்குஞ்சுன்னு சொல்லுங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பாதி ஆயுளைப் புதருக்கு வெளியே நின்று, உள்ளே கத்துவது எந்தக் குருவி என்று காது கொடுத்துக் கேட்டே கழித்தவள் நான். எனக்குக் கேட்டுவிட்டது.

அவர் சொன்ன குயிலுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அவர் மருந்தடிக்க நினைத்த ஜீவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நீ என்னிடம் வந்து சேர்ந்ததே அதனால்தான்.

கோடியக்கரையில் நான் முதன்முதலாகக் குருவிகளுக்கு வலை கட்டிய பனிக்காலத்தில், உன்னைப் பெற்ற செல்வி தன் வீட்டில் எனக்கு ஓர் அறையை வாடகைக்குக் கொடுத்தாள். அறை என்று பெயர். பாதி இடத்தில் உன் அப்பாவின் மீன்வலை சுருட்டிக் கிடந்தது. அவர் போன போட் நீ பிறப்பதற்கு முன்பே கடலில் காணாமல் போயிருந்தது. செல்வி கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள், நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். நான் வனத்துறை அனுமதியோடு விடியலில் புதர் ஓரமாக மெல்லிய நூல்வலை கட்டுவேன். விழும் பறவையை எடுத்து, அளந்து, சிறகை விரித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். பிறகு விட்டுவிடுவேன். ஒரு நாள் காலை கொண்டைக்குருவி ஒன்றின் சிறகை அப்படிப் பிடித்திருந்தேன். இறகின் அடிப்பக்கத்தில், பொடி உப்பைத் தூவி வரிசைப்படுத்தியதுபோலச் செள்ளுகள் இருந்தன. தலையில் கருவாட்டுக் கூடையும் இடுப்பில் நீயுமாகச் செல்வி வந்து நின்றாள்.

"என்னக்கா, குருவிக்குப் பேன் பாக்குறீங்களா?"

"பேன் இல்ல செல்வி, செள்ளு."

"ரெண்டும் ஒண்ணுதான். நசுக்கி வுடுங்க, பாவம் அது."

"இது கடிக்காது. ரத்தமும் குடிக்காது. இறகுல படியிற எண்ணெய், பூஞ்சை, அந்த மாதிரி அழுக்கத்தான் தின்னுட்டு இருக்குது."

கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு லென்ஸ் வழியாகப் பார்த்தாள். "அப்ப இதுவும் ஒங்கள மாதிரி வாடகைக்கு இருக்குற ஆளு. ஆனா இது வூட்டக் கூட்டிப் பெருக்கி வச்சிக்கிது. நீங்கதான் கூட்ட மாட்டேங்குறீங்க" என்றாள். அன்று சாயங்காலமே நான் அறையைக் கூட்டினேன். நீ விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அந்த நாளில் நான் படித்த புத்தகங்களில் இறகுச் செள்ளுக்கு ஒட்டுண்ணி என்றுதான் பெயர். ஒருவர் மேல் இன்னொருவர் இருந்தால் உறிஞ்சத்தான் இருப்பார் என்று மனிதர்களுக்கு ஓர் எண்ணம். பிறகு நல்ல கருவிகள் வந்தன, அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க முடிந்தது. பூஞ்சை இருந்தது, பாக்டீரியா இருந்தது, பறவை தன் வாலடியிலிருந்து அலகால் எடுத்து இறகில் பூசிக்கொள்ளும் எண்ணெய் இருந்தது. இரத்தம் இல்லை. பறவைக்கு அதனால் எவ்வளவு நன்மை என்று இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் திருட்டுப் பட்டம் போய்விட்டது. என் வலையில் விழுந்தவற்றில் செள்ளு நிறைந்த பறவைகள் பல, கொழுகொழுவென்று என் விரலைக் கொத்திவிட்டுத்தான் பறந்தன. இத்தனைக்கும் இந்தப் பூச்சிக்குச் சிறகு கிடையாது. பறவையை விட்டு இறங்கினால் அதிக நாள் உயிர் தங்காது. பறக்கும்போது காற்று அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, இறகின் இடுக்கில் படிந்துகொள்ளும்படி உடம்பே தட்டையாகியிருக்கிறது. ஒரே சிறகில் ஒரு வகை ஓர் இடத்திலும் வேறு வகை வேறு இடத்திலும் குடியிருக்கும். மைனாவிடம் இருப்பது கரிச்சானிடம் இருக்காது. எத்தனையோ தலைமுறை ஒன்றோடு ஒன்று ஒட்டி வாழ்ந்து இப்படி ஆகியிருக்கிறது. எப்போதாவது ஒன்று தவறி வேறு பறவை மேல் போய்ச் சேரும். பெரும்பாலும் அங்கே செத்துப்போகும். தப்பிப் பிழைத்தது அங்கேயே பெருகி, மாறி, காலப்போக்கில் புது இனமாகவே ஆகிவிடும்.

நான் வலை கட்டாத மாதம் ஒன்றில் செல்விக்கு மஞ்சள்காமாலை வந்தது. எனக்குச் செய்தி வந்து, தஞ்சாவூரிலிருந்து பஸ் மாறி மாறி நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் சித்தப்பா வீட்டு வாசலில் நீ அழுது வீங்கிய முகத்தோடு நின்றாய். அவருக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள், அந்த வருடம் கடலும் சரியில்லை. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாய். "யாருகிட்டயும் வர மாட்டேங்குறான் டீச்சர், ஒங்ககிட்டதான் வர்றான்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நின்று அழுதார். நான் உன்னைத் தூக்கிக்கொண்டேன். கோர்ட்டு, வக்கீல், தத்துப் பத்திரம் எல்லாம் பிறகு நடந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவர், பிள்ளையை ஏதாவது ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தால் சம்மதம் என்றார். நான் முடியாது என்றேன். இதை உனக்காகச் செய்த தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு அவருடைய மீசையும் பிடிக்கவில்லை.

நீ பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் எங்கள் கல்லூரி வேலியில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியது. இறகு முளைக்காத குஞ்சின் மேல் ஒரு செள்ளுகூட இல்லை. இறகு முளைத்து விரிந்த பிறகு பார்த்தால், அதில் வந்து குடியேறிவிட்டன. முட்டைக்குள் இருந்து வந்தவை அல்ல. தாயும் தகப்பனும் கூட்டில் உட்கார்ந்து குஞ்சை அணைத்துக்கொண்டிருக்கும்போது இறகோடு இறகு பட்டு இறங்கி வந்தவை. எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. அதைப் பார்த்த கையோடு உன் பள்ளிக்கூடத்துக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று நீ கேட்கவில்லை. இரத்தத்தில் வராததும் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்தால் அழகாக இருக்கும். உன் மாமனார் வீட்டுக் கூடத்தில் கண்கூடக் கலங்கும். ஆனால் நான் பாடம் நடத்துகிறவள், சௌகரியமானதை மட்டும் சொல்லிவிட்டு வகுப்பை விட்டுப் போக முடியாது. பெரியப்பா சொன்ன குயிலுக்கு வருகிறேன். குயில் வகையில் அடுத்தவர் கூட்டில் வளர்ந்த பறவைகள் பெரிதானதும் பார்த்தால், அவற்றின் இறகில் இருப்பது குயில் வகைக்கே உரிய செள்ளு. வளர்த்தவளின் செள்ளு அதில் நிலைப்பதில்லை. வளர்ந்த பிறகு தன் இனத்தோடு சேரும்போதுதான் தனக்குரியதைப் பெற்றுக்கொள்கிறது. ஆக நான் பாதி ஆயுள் லென்ஸ் வைத்துப் பார்த்த பூச்சி, கடைசியில் பெரியப்பா பக்கம் போய்ச் சாட்சி சொல்கிறது! இதைச் சரிக்கட்ட எனக்கும் ஒரு சாட்சி உண்டு. வேறு நாட்டில் இதேபோல அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் ஒரு பறவை, தன்னை வளர்த்த கூடுகளின் செள்ளையும் பேனையும் சுமந்துகொண்டு திரிகிறது. பறவையைக் கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கும். அதனால் நான் மணையில் உட்காருவதற்கு எந்தப் பறவையிடமும் சர்டிபிகேட் வாங்கப் போவதில்லை. உன் காய்ச்சலுக்கு நான் விழித்திருந்தேன், உனக்கு நான் சோறு ஊட்டினேன், உன்னைத் திட்டினேன், அடித்தும் இருக்கிறேன். அதனால் உட்காருவேன். இன்னொன்றும் பெரியப்பாவிடம் சொல். பறவைகளை வகை பிரிக்கும்போது காக்கையைப் பாடும் பறவைகளோடுதான் சேர்த்திருக்கிறார்கள், குயிலைச் சேர்க்கவில்லை. என்னைக் காக்கை என்றதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நம் பழைய வாடகை வீடு உனக்கு ஞாபகம் இருக்கும். ஜன்னலுக்கு மேலே இருந்த வென்டிலேட்டரில் மைனா கூடு கட்டி, குஞ்சு பொரித்தது. கூட்டிலிருந்து இரத்தம் குடிக்கிற செள்ளு சுவரில் இறங்கி, மாடியில் இருந்த ஓனரம்மா வரைக்கும் எல்லாரையும் கடித்து வைத்தது. அது கூட்டுச் செள்ளு, வேறு ஜாதி. என்னுடையது இறகுச் செள்ளு. நான் சொல்லிப் பார்த்தேன். ஓனரம்மா கேட்பதாக இல்லை. நான் டப்பாவில் கொண்டுவந்த பூச்சிதான் தப்பித்து வீடு முழுக்கப் பரவிவிட்டது என்று அடித்துச் சொன்னார். கையைச் சொறிந்துகொண்டே, "ஒங்க ஆராய்ச்சிய ரோட்ல போய் வச்சுக்கங்க" என்று வாசலில் நின்று கத்தினார். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் என்ன சொல்வது என்று வாயைத் திறப்பதற்குள், டவுசர் இடுப்பில் நிற்காத நீ எனக்கு முன்னால் வந்து நின்றாய். "எங்கம்மா பூச்சி கடிக்காது!" என்று கத்தினாய். அந்த அம்மாவே ஒரு நிமிடம் சொறிவதை நிறுத்திவிட்டார். கூட்டைப் பிய்த்துப் போடச் சொன்னார், நான் குஞ்சு பறக்கட்டும் என்றேன். "குருவிக்காக வீட்ட வுட்டுப் போவியா?" என்றார். போனோம். குஞ்சு பறந்த வாரமே காலி செய்து, சாமான்களை மினி லாரியில் ஏற்றினோம். நீ டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாய். உன் உடம்பில் அப்போதும் கடித்த தடிப்பு இருந்தது, ஆனால் அது எங்கம்மா பூச்சி இல்லை என்று போகிற வழியெல்லாம் டிரைவருக்கு விளக்கினாய். அந்தப் பயலைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை போனில் காணவில்லை.

சடங்கை நம்பாதவளுக்கு மணை எதற்கு என்று கேட்டாய். நியாயமான கேள்வி. சடங்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு சடங்கு யாரை எழுந்து போகச் சொல்கிறது என்பதை நான் எப்போதும் கவனிப்பேன். என் அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். அவர் குறுவையும் சம்பாவும் நட்டு அறுத்த வயல்களின் சொந்தக்காரர் வீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நடுத்தெருவில் நின்றுதான் பேசினார், நின்றுதான் கூலி வாங்கினார். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு தடவை என்னைப் பார்க்கக் கல்லூரிக்கு வந்தார். ஆசிரியர் அறையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவர் பீரோவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "உக்காருங்கப்பா" என்றேன். "இருக்கட்டும்மா, உக்காந்தா கால் மரத்துப்போகும்" என்றார். வாழ்நாள் முழுக்க நின்ற மனிதருக்கு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமாம்! தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டீ வந்ததும் எழுந்து நின்று வாங்கினார். அதனால் தம்பி, உட்காருவது எங்கள் வீட்டில் அஞ்சு நிமிஷ விஷயம் இல்லை. முதல் வரிசை சோபா மெத்தென்று இருக்கும் என்று எனக்கும் தெரியும். அது விருந்தாளிக்குப் போட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டால் அழுகும். பறவை இறகு உதிர்க்கும் பருவத்தில், அடுத்து எந்த இறகு விழப்போகிறதோ அதைச் செள்ளுகள் முன்கூட்டியே காலி செய்துவிடும். விழுந்த இறகை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அவற்றுக்கு எப்படித் தெரிகிறது என்பது முழுதாகப் புரியவில்லை. தளர்ந்த இறகு காற்றில் அதிர்வது வேறுமாதிரி இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு முட்டி வலி வந்துவிட்டது, ஓய்வு பெறும் காலம் நெருங்குகிறது, வலை கட்டும்போது கை நடுங்குகிறது. உன் போன் வந்த அன்று, நானும் தளர்ந்த இறகாக ஆடத் தொடங்கிவிட்டேன் என்று தெரிந்துதான் நீ வேறு பக்கம் நகர்கிறாயோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு மிகவும் வலித்தது. பிறகு, பூச்சி அப்படிச் செய்தால் அது அதன் பிழைப்பு, நான் வளர்த்தது பூச்சியை இல்லை என்று எழுந்து முகம் கழுவினேன். உன் மேல் எனக்கு இருக்கும் பாசத்தில் ஒரு குன்றிமணி குறையவில்லை. கோபமும் குறையவில்லை. இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன.

உன் சித்தப்பாவிடம் நேற்று பேசினேன். பெண் வீட்டிலிருந்து இரண்டு பேர் வெற்றிலை பாக்கோடு அவரைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். இது உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. "அந்த வெத்தலய நான் கையால தொடல டீச்சர்" என்றார். "அன்னைக்கு வளக்க முடியாம ஒங்க கையில குடுத்தோம். இன்னைக்குப் பட்டு வேட்டிய கட்டிக்கிட்டு வந்து நான் ஒக்காந்தா, நாளைக்கு மேல போயி எங்க அண்ணி மொகத்துல எப்படி முழிக்கிறது? நான் மாட்டேன்னு சொல்லிட்டேன். எனக்குப் பந்தியக் குடுங்க, பாத்துக்குறேன். மீன் இல்லாத பந்தி, அதான் ஒரு கொற." பக்கத்திலிருந்து உன் சித்தி, "நீங்கதான் டீச்சர் ஒக்காரணும்" என்று குரல் கொடுத்தாள். இதைச் சொல்வது, அவர்கள் மறுத்துவிட்டார்கள், வேறு வழியில்லாமல் அம்மாவை உட்கார வைக்கலாம் என்று நீ முடிவு செய்வதற்காக இல்லை. பெண் வீட்டாருக்கு வேறு ஜோடி கிடைக்கும். ஜோடிகளுக்கா பஞ்சம்? அதனால் முடிவு இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது.

கயலைப் பற்றி ஒரு வார்த்தை. அன்று தட்டு மாற்றி எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அவள் என்னிடம் வந்து, "அத்தை, அந்த லென்ஸ் கையில இருக்கா? எங்க கொல்லையில தையல்சிட்டு இருக்கு" என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. நீ அவளோடு வாழப்போகும் வாழ்க்கையில் யாராவது ஒருவர் எப்போதும் வந்து, கொஞ்ச நேரம் அவளை ஓரமாக நிற்கச் சொல் என்று உன்னிடம்தான் சொல்வார்கள். அவளிடம் நேராகச் சொல்ல மாட்டார்கள். நல்லவர்களாக இருப்பார்கள், சிரித்த முகமாகச் சொல்வார்கள், சின்ன விஷயமாகத்தான் இருக்கும். அப்போது நீ அவளிடம் வந்து குரலைத் தாழ்த்திப் பேசாதே. எனக்குச் செய்ததை அவளுக்குச் செய்யாதே. புத்திமதி என்று நான் உனக்குக் கொடுக்க நினைப்பது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் நீயே அடிபட்டுக் கற்றுக்கொள்.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். மண்டபத்துக்காரரிடம் சொல்லி மேடையில் இரண்டு மணை போடச் சொல். ஜோடிதானே வேண்டும் அவர்களுக்கு? ஒன்றில் நான். பக்கத்து மணையில் வெற்றிலை பாக்கும் ஒரு முழம் கதம்பமும் வைத்துவிடு. அது செல்விக்கு. அவளோடு உன் அப்பாவுக்கும். அவர்கள் படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை, பூ போதும். பெற்றவளும் வளர்த்தவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், இதைவிட என்ன ஜோடி? அவள் இருந்திருந்தால், "என்னக்கா, மேடையவாவது கூட்டுனீங்களா?" என்று கேட்டிருப்பாள். நான் அரக்குக் கலர் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வருவேன். என் கால் கோடியக்கரைச் சேற்றில் ஊறி வெடித்த கால், ஒரு சொம்புத் தண்ணீர் போதாது, இரண்டு சொம்பாக வைக்கச் சொல்.

நான் முதலிலேயே வந்து மணையில் உட்கார்ந்துவிடுவேன். உன் மாமனார் சொன்னாலும், பெரியப்பா சொன்னாலும், ஐயரே வந்து சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேன். நீ சொன்னால் எழுந்திருப்பேன். ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி, வெளியே வந்து, தஞ்சாவூர் பஸ் ஏறிவிடுவேன். ஆனால் நீ மேடைக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, அன்று ஓனரம்மாவுக்கு முன்னால் நின்று கத்தினாயே, அதே குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி "அம்மா, எழுந்திரிங்க" என்று சொல்ல வேண்டும்.

அம்மா